ஜுஹுவில் முடிந்த உபவாசம்

நான் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு நாள்தான் உபவாசம் இருந்தேன். ஒரே நாளில் அதிகமாகத் தின்றதும் அன்றைக்குத்தான். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்டால், நடக்கும். கொஞ்சம் கர்வமும் கொஞ்சம் பசியும் இருந்தால் போதும். என்னிடம் இரண்டும் தேவைக்கு மேலேயே இருந்தன.

(நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நானே எழுதினால் என் பெயரோடு கதை முடிந்துவிடும். நடுவில் எழுத்து கோணினால் அவள் சிரித்திருக்கிறாள் என்று அர்த்தம். அதற்கு நான் பொறுப்பில்லை.)

பம்பாயில் டிராம் வண்டிகள் நின்றுபோவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. தாராவியில் ஒரு அறை, அதன் வாசலில் ஒரு தகரக் கூரை. என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மெஸ் நடத்தினேன். திருநெல்வேலிப் பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள், இன்னும் பெண்ணே கிடைக்காதவர்கள் என்று பதினோரு பேர் என்னிடம் சாப்பிட்டார்கள். பத்துப் பேருக்கு நான் மதினி. பதினோராவது ஆள் எங்கள் சபையின் உபதேசியார். ஐயருக்கு அடுத்தபடி ஜெபம் நடத்துகிறவர். (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.) அவர் மட்டும் என்னை அம்மா என்பார்.

நாலு வருஷத்தில் ஒரு வேளைகூட என் அடுப்பு அணைந்ததில்லை. அதில் எனக்கு இருந்த பெருமையை அளக்க மாட்டுங்கா மார்க்கெட்டில் படி கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் படுத்த இடத்திலேயே புளி கரைத்துக் கொடுத்து, வீட்டுக்காரரைக் கிண்ட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோல் கம்பெனிக்குச் சுட்டி, மில்லுக்குச் சுட்டி, தபாலாபீசுக்குச் சுட்டி. (லீவுக்கு பம்பாயில் அதுதான் பெயர்.) எனக்கு மட்டும் அன்றைக்கு இரட்டை வேலை. சுட்டி என்றால் எல்லாரும் இருப்பார்கள். இருந்தால் பசிக்கும். பசித்தால் கறி கேட்பார்கள். ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று ஐயர் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம், அவருக்கு மெஸ் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இதில் இன்னொரு கேவலம், பம்பாய்க்கு வந்து நாலு வருஷமாகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. காற்று திரும்பினால் மாஹிம் பக்கமிருந்து கடல் வாசம் வரும். கடல் வராது.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்பார்கள். இந்த வருஷத்துப் பொருத்தனை என்னவோ, அதாவது ஆண்டவரிடம் என்ன சொல்லி ஒப்புக்கொள்கிறாயோ, அதை எழுதிப் பைக்குள் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம். முந்தின மூன்று வருஷமும் வெறும் சீட்டை மடித்துப் போட்டேன். அந்த வருஷம் எனக்கு என்னவோ ரோஷம் வந்துவிட்டது. எழுதத் தெரியாவிட்டால் என்ன, கோலம் போடத் தெரியாதா. பக்கத்திலிருந்தவளின் பென்சிலை வாங்கி மூன்று படம் போட்டேன்.

முதலில் ஒரு அடுப்பு, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. மாசத்துக்கு ஒரு நாள் அடுப்பு மூட்ட மாட்டேன். அடுத்து மூன்று அலை. கடலைப் பார்க்க வேண்டும். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருவதில்லை, சூரியன் உள்ளே போகிறவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசியில் ஒரு தட்டு, அதற்கு மேலே ஒரு கை. அந்தக் கை என் கை இல்லை. வேறு யாராவது பரிமாற வேண்டும், நான் உட்கார்ந்து தின்ன வேண்டும். அரண்மனையில் இருக்கிற ராணிகூட இவ்வளவு யோசித்துத் திட்டம் போட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உபதேசியார் சாப்பிடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டுகளை எடுத்து ஜெபிப்பது அவர் வேலை. என் சீட்டில் பெயர் இல்லைதான். ஆனால் மூலையில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் இருந்திருக்கிறது.

"ஆண்டவர் உங்ககூடப் பேசியிருக்காரும்மா," என்றார். "அடுப்ப அடிச்சிருக்கீங்க, அது உபவாசம். அலை, வேதத்துல வார யோர்தான் நதி. தட்டுக்கு மேல இருந்து வார கை யாரு கைன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

மற்ற பத்துப் பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நாலு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. என் கரண்டியைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கை ஏதோ ஒரு தின்பண்டக் கடைக்காரன் கை என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும். அவர் ரசத்துக்குள் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார்.

"ஆமாய்யா," என்றேன். "மாசத்துக்கு ஒரு நாள். ஜெபத்துல இருக்கலாம்னு."

பொன்னுத்துரை என்று ஒருவன், மெஸ்ஸிலேயே வாய்நீளம் அவனுக்குத்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "மதினி பட்டினி கெடக்கையில நாம தின்னா தொண்டையில எறங்குமாலே? நாமளும் இருப்போம்," என்றான். எல்லாரும் சரி என்றார்கள். சபைக்கு வராத நாலு பேரும், சுடலைமாடனுக்கு இருக்கிறதாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நாள் குறித்ததில்தான் என் மூளை வெளிச்சம் தெரிந்தது. வீட்டுக்காரருக்குச் சுட்டி கிடைக்கிற நாளாகப் பார்த்து, ஜனவரி இருபத்தாறு என்றேன். அவருக்குச் சுட்டி என்றால் ஊருக்கே சுட்டி என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. என் அடுப்பு அணைந்தால் இவர்களும் அணைந்து, அறையிலேயே பாயில் கிடப்பார்கள் என்று நினைத்தேன். மாஹிம் கடல் நடந்து போகிற தூரம். ஆனால் அங்கே போனால் தாராவி ஆட்கள் கண்ணில் படும். அதனால் ஜுஹு என்று முடிவு செய்தேன். எனக்கிருக்கிற சாமர்த்தியம் யாருக்கும் வராது என்று இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, வேதப் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். (கடற்கரைக்கு யாராவது பட்டு கட்டுவார்களா என்று மருமகள் கேட்கிறாள். நான் கட்டினேன்.) அடுத்த வீட்டுக்காரியிடம் வேறு சபையில் ராத்திரி வரை ஜெபம் என்று சொன்னேன். மாஹிமில் ரயில் ஏறி சாந்தாக்ரூஸில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம்.

கடலைப் பார்த்தேன். இவ்வளவும் கொதிக்கிறது, யாரும் கிண்ட வேண்டாம், யாரும் இறக்கி வைக்க வேண்டாம் என்றுதான் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புக் காற்று என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பிறகு தின்ன ஆரம்பித்தேன். பேல்பூரிக்காரன் பொரியும் சேவும் வெங்காயமும் புளிச் சட்னியும் கலந்து, இலைத் தொன்னையில் குவித்து என் கையில் கொடுத்தான். நான் கேட்காமலே மேலே இன்னும் ஒரு பிடி சேவு தூவினான். அந்தக் கை, என் சீட்டில் நான் போட்ட அதே கை. ஒரு தொன்னை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். வேதப் பை மடியில், தொன்னை அதன்மேல். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நாலாவதை வாங்கப் போயிருந்தார்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. தமிழ்ப் பேச்சு. அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். அதுவும் எனக்குத் தெரிந்த குரல்கள்.

என் மெஸ் ஆட்கள்தான். காலையில் பாட்டுப் பாடி ஜெபத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். பாட்டு முடிகிறவரை பக்தி இருந்திருக்கிறது. ஒரு மணிக்குப் பசி வந்ததும் எங்கேயாவது போய்த் தின்னலாம் என்று பேச்சு வர, மாஹிம் என்றால் மதினி காதுக்குப் போய்விடும், ஜுஹு போவோம் என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. என் சாமர்த்தியம் பதினோரு பேருக்கு இருந்திருக்கிறது.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அப்படியே எழுந்து பக்கவாட்டில் நகர்ந்து கூட்டத்துக்குள் போயிருந்தால், இந்தக் கதையே இல்லை. என் பேரும் போயிருக்காது, என் சுட்டியும் போயிருக்காது. கால் முட்டியை ஊன்றி எழும்பியும் விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பொன்னுத்துரை வாய் திறந்தான்.

"மதினி அடுப்பு ஒருநா அணைஞ்சது நமக்கும் நல்லதுதாம்ல. நித்தமும் அந்தத் தண்ணிக் கொழம்பு."

என் குழம்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து யாராவது சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்து நிற்பான். இவர்களின் மச்சானோ சித்தப்பாவோ. அவனுக்கும் சேர்த்து ஒரு செம்பு வெந்நீர் விடுவேன். அதற்குப் பெயர் நீட்டின குழம்பு. தண்ணிக் குழம்பு வேறு.

நான் திரும்பினேன்.

"எவம்லே தண்ணிக் கொழம்புன்னது?"

பதினோரு பேர் கையிலும் தின்பண்டம். பொன்னுத்துரை வாயில் பூரி; விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உபதேசியார் குல்ஃபியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது உருகி, முழங்கை வழியாக அவருடைய வெள்ளை ஜிப்பாவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என் கையிலிருந்த தொன்னையைப் பார்த்தார். நான் அவர் முழங்கையைப் பார்த்தேன்.

"ஜெபம் முடிஞ்சிட்டுதாம்மா?" என்று கேட்டார், ரொம்ப மெதுவாக.

"இல்லய்யா. நடுவுல ஒரு பத்து நிமிஷம் விட்டிருக்கேன். நீங்க?"

"நாங்களும் அப்படித்தான்."

இதோடு கௌரவமாக முடிந்திருக்கும். ஆனால் என் வீட்டுக்காரர் ஒரு தொன்னையைத் தூக்கிப் பிடித்தபடி, கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாராமல் வந்தார்.

"ஏளா, இது நாலாவது. காரம் தூக்கலா போடச் சொல்லியிருக்கேன். இது போதுமா, இன்னொண்ணு சொல்லட்டா?"

நாலாவது என்பதைப் பதினோரு பேரும் கேட்டார்கள். முதலில் சிரித்தது உபதேசியார்தான். அவர் சிரித்தபோது குல்ஃபி குச்சியை விட்டே விழுந்தது. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்குக் குழம்பு விஷயம் முடியவில்லை. பொன்னுத்துரையை எழுப்பி நிறுத்தி, எந்த நாள், எந்தக் குழம்பு, எத்தனை விருந்தாளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் பூரியை விழுங்கிவிட்டு, "தெரியாமச் சொல்லிட்டேன் மதினி," என்றான். தெரிந்துதான் சொன்னான் என்று நிரூபித்துவிட்டுத்தான் விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் சூரியன் இல்லை. வானம் மட்டும் சிவந்து கிடந்தது. நாலு வருஷம் காத்திருந்து, பட்டுக் கட்டி, பொய் சொல்லி, ரயிலேறி வந்து, கடைசி நிமிஷத்தில் குழம்புக்காக முதுகைக் காட்டியிருக்கிறேன். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சீட்டில் போட்டது யோர்தான் இல்லை, இந்தக் கடல்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பைப் பற்றியும் சொன்னேன். மாசத்தில் ஒரே ஒரு நாள் கேட்டேன், அதற்கும் பொய் சொல்லித்தான் கேட்கத் தெரிந்தது என்றேன்.

பிறகு உபதேசியார், "எங்களுக்கெல்லாம் வாரம் ஒரு சுட்டி. இந்த அம்மாவுக்கு நாலு வருஷத்துல ஒண்ணு, அதையும் நாம வந்து கெடுத்தாச்சு," என்றார். அடுத்த மாசமும் ஒரு நாள் மெஸ் கிடையாது, அதற்கடுத்த மாசமும் கிடையாது, அந்த நாளில் யாரும் இந்தப் பக்கம் கடற்கரைக்கு வரக் கூடாது என்று மணலிலேயே முடிவானது. பொன்னுத்துரை ஐந்தாவது தொன்னையைத் தன் கையால் வாங்கி வந்து கொடுத்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் கரண்டி நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு குழம்பு வைத்தேன். பதினோரு பேரும் சோற்றோடு அதைப் பிசைய முடியாமல் பிசைந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். அதன்பிறகு மெஸ் நடந்த காலம் முழுக்க மாசத்துக்கு ஒரு நாள் என் அடுப்பு அணைந்தது. யாரும் பட்டினியால் சாகவில்லை.

எங்கள் வீட்டில் இப்போதும் சுட்டிக்குப் பெயர் உபவாசம்தான். முலுண்டில் மகன் வீட்டில் மாசக் கடைசி சனிக்கிழமை மருமகள் கேஸ் பற்ற வைக்க மாட்டாள். "இன்னிக்கு உபவாசம் அத்தை, என்ன வாங்கட்டும்?" என்பாள். சாயங்காலம் காரில் ஜுஹுவுக்குக் கூட்டிப் போவார்கள். எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். சூரியன் தண்ணீரைத் தொடும் வரைக்கும் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். தொட்ட உடனே என் பின்னாலிருந்து மகன் சொல்வான்: "என்ன இருந்தாலும் அம்மா, அது தண்ணிக் கொழம்புதானே?"

திரும்பக் கூடாது என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன். அவனுக்கு உண்டான பதிலைச் சொல்லிவிட்டுப் பார்த்தால், வானம் மட்டும் சிவந்து கிடக்கும்.

வருஷப் பிறப்புச் சீட்டில் இப்போதும் படம்தான் போடுகிறேன். இந்த வருஷம் ஒரு சூரியனைப் போட்டேன். பக்கத்தில் ஒரு காதைப் போட்டு, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கிறேன்.