மின்கம்பி போகும் வழி குறித்து மாப்பிள்ளைக்கு

ஒடுகத்தூரில் குடியிருக்கும் மாப்பிள்ளை வெற்றிச்செல்வன் அவர்களுக்கு, மலைமேலிருந்து மச்சான் ராஜாக்கண்ணு எழுதுவது. இங்கே ஆடு, மாடு, என் சம்சாரம் பூங்கோதை எல்லோரும் சுகம். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடுகிறது, அதனால் இந்தக் கடிதம்.

சோலார் கம்பெனிக்காரர்கள் எங்கள் புளியந்தோப்பை வெட்டிக் கம்பி இழுக்க அனுமதி வாங்கிவிட்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் கீழே எங்கேயோ நடந்ததாம், எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஜீப்பை மறித்தோம். அனுமதி கொடுத்த அதிகாரியே மலையேறி வந்து, எல்லாத் தரப்பும் சேர்ந்து ஒரு குழு என்றார். குரல் பெரிதென்று ஊர் என்னை அந்தக் குழுவுக்குள் தள்ளிவிட்டது. கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கம்பெனி இன்ஜினியர் சுரேஷ் வரைபடத்தை விரித்தார், வனக்காவலர் மோகன் மரத்தைத் தொடாதே என்றார், ஊர்க்காரர்கள் எதையுமே தொடாதே என்றார்கள். அப்போது பூங்கோதை எழுந்து, “இன்னா சார், மரத்த வெட்டிட்டு கம்பம் நட்டா அதுல புளி காய்க்குமா?” என்று கேட்டாள். அதிகாரி சிரித்துவிட்டு, “செரிம்மா, வேற எப்டிப் போலாம், நீங்களே சொல்லுங்க” என்றார். அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லையே! எல்லோருமாக நடந்து பார்க்கப் புறப்பட்டோம். சுரேஷ் எறும்புப் புற்றை மிதித்துக் குதித்தார். மோகன் காட்டு எல்லை இதுதான் என்றார், சுரேஷ் அதுதான் என்றார், நான் இருவருக்கும் நடுவே ஓடி ஓடி இருவருக்கும் தலையாட்டினேன். கடைசியில் பாறை மேட்டைக் காட்டி, “இப்டியே போய்ட்டா ஒரு மரமும் வுழாது சார், வெறும் பொறம்போக்கு” என்றேன். கைதட்டினார்கள் மாப்பிள்ளை! அதிகாரி பழைய உத்தரவை ரத்து செய்து புதிய வழிக்கு அங்கேயே ஒப்புதல் சொன்னார். குழுவின் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. எல்லோரையும் கேட்டுச் செய்தால் எதுவும் நடக்கும் என்று காலையிலிருந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு அலைகிறேன்.

தங்கச்சி அம்சவல்லிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் வீட்டு விளக்கு ஒருநாளும் அணையாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
ராஜாக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சர்வேயர் வந்தார். பாறை மேடு புறம்போக்கு இல்லையாம். அப்பா தங்கச்சிக்குப் பத்திரத்தில் மட்டும் பிரித்துக் கொடுத்த பங்காம். உங்கள் இருவரையும் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மறுபடியும் கூட்டமாம், எதிர்ப்புத் தெரிவிக்க நீங்கள் வரவேண்டுமாம். வழி காட்டியவன் நான் என்பதால் என்னைக் கம்பெனிக்காரர் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தங்கச்சியை மட்டும் அழைத்து வராதீர்கள்.