என் வீட்டு விளக்கை அணைக்கும் மனிதர்

உலகத்தில் உள்ள கஞ்சன்கள் எல்லோரும் தங்கள் காசைத்தான் காப்பாற்றுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக் கோசோங் மட்டும் அடுத்தவன் காசையும் காப்பாற்றுவார். அடுத்தவன் என்றால் நான்தான். அதனால்தான் அந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரியும்.

கோசோங் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், "ஆயர் கோசோங் ஒன்னு" என்பார். வெறும் தண்ணீர். அப்போதெல்லாம் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். முழு கிளாஸையும் குடித்துவிட்டு, "உங்க கடைத் தண்ணி மாதிரி வராது லா, பாஸ்" என்று முதலாளியைப் பாராட்டிவிட்டு எழுந்து போவார்.

நானும் அவரும் ரயில்வேயில் ஒரே பட்டறை, ஒரே கிரேடு, ஒரே சம்பளம். குடியிருக்க ரயில்வே கொடுத்த கோட்டர்ஸும் ஒரே வரிசை, நடுவில் ஒரு பலகைச் சுவர். மாதக் கடைசியில் என் வீட்டில் சண்டை நடக்கும். அவர் வீட்டில் பாட்டு கேட்கும். அதுவும் என் ரேடியோவில் ஓடுகிற பாட்டு. சுவர் தாண்டிக் கேட்கும்போது இன்னொரு ரேடியோ எதற்கு என்று அவர் வாங்கவே இல்லை. செய்தி நேரத்தில் சுவரைத் தட்டுவார்.

"தம்பி, கொஞ்சம் சத்தமா வைங்க. எங்க வீட்டு ஆன்ட்டிக்குக் காது கேக்கலயாம்."

என் பேப்பரையும் எனக்கு முன்னால் அவர்தான் படிப்பார். நான் எழுந்து வரும்போது மடிப்புக் கலையாமல் வாசலில் இருக்கும். "மூனாம் பக்கத்துல ஒன்னும் இல்ல தம்பி, நேரா விளையாட்டுக்குப் போயிடுங்க" என்று என் நேரத்தையும் மிச்சம் பிடித்துக் கொடுப்பார்.

எல்லாவற்றிலும் மோசம் விளக்கு. பகலில் என் வாசல் விளக்கு எரிந்தால் அவருக்கு வயிறு வலிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, சுவிட்சை அணைத்துவிட்டு, ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனையும் நிறுத்திவிட்டுப் போவார்.

"அண்ணே, பில்லு நான்தானே கட்டுறேன்?"

"கட்டுறது நீங்க. எரியிறது எனக்குல்ல தெரியுது."

என் மனைவி சரோஜா அவர் பக்கம். கோட்டர்ஸ் என்பது வேலை இருக்கும்வரைதான். இடிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிவதற்கு முன்பே சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும். அவளுக்கு ராத்திரி பகலாக இதே பயம். "நமக்குன்னு ஒரு வீடு வேணுங்க" என்பாள். நான் லாட்டரி நம்பர் எடுப்பேன், சனிக்கிழமை கூட்டாளிகளோடு பீர் குடிப்பேன், மினி பஸ்ஸில் தொங்கப் பிடிக்காமல் டாக்சி ஏறுவேன். "அந்த அண்ணனப் பாருங்க" என்று அவள் ஆரம்பித்தால் சோறு இறங்காது. கட்டிய மனைவி பக்கத்து வீட்டுக்காரனை மெச்சினால் எவனுக்கு இறங்கும்?

தீபாவளிக்கு ஒரு கூத்து. நான் பகல் பன்னிரண்டுக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடும் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தேன். அவர் இரண்டு மணிக்கு வைத்தார். பட்டறையே என் வீட்டில் ஆட்டுக்கறிப் பெரட்டலை மூக்குமுட்டத் தின்றுவிட்டு அவர் வீட்டுக்குப் போனது. அங்கே ஆளுக்கு ஒரு முறுக்கும் ஆரஞ்சு சிரப்பும் கொடுத்தார். அதற்குமேல் எவன் வயிற்றில் இடம்? "சிம்பிளா இருந்தாலும் மனசு நெறஞ்சிருச்சு" என்று அவரைப் புகழ்ந்தார்கள். நிறைந்தது என் ஆட்டுக்கறி!

மறுவருடம் நான் விடவில்லை. என் விருந்தை மூன்று மணிக்குத் தள்ளினேன். இந்த முறை எல்லோரும் அவர் வீட்டுக்குத்தானே முதலில் போக வேண்டும்? போனார்கள். மனிதர் சிரப்பை மட்டும் நீட்டி, "வயித்த ரொப்பிக்காதீங்க, பக்கத்துல தம்பி வீட்டுல ஆடு வெட்டியிருக்கு" என்று அனுப்பிவிட்டார். பசியோடு வந்தவர்கள் சட்டியை வழித்துவிட்டார்கள். கடைசியாக வந்தார் எங்கள் மேலதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு துண்டு எலும்புகூட இல்லை. கோசோங் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறும் ரசமும் பொரித்த நெத்திலியும் போட்டார். வெளியே வந்த அதிகாரி என் தோளைத் தட்டினார்.

"நல்ல ரசம். ஏன் காணும், உம்மட வீட்டிலயும் இப்பிடிச் சமைக்கலாமே."

அன்று சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். "சத்தம் போதும் தம்பி, நல்லா கேக்குது" என்றது சுவர்.

அவரை வெறுப்பேற்றவே நான் நன்றாகத் தின்றேன். தெங்கிரி மீன் குழம்பு வைத்த நாளில் அவர் காதில் விழும்படி, "காசு போட்டாத்தான் இந்த ருசி வரும்" என்று கத்துவேன். பக்கத்து வீட்டிலிருந்து மூச்சே வராது. பொறாமையில் வெந்து கிடக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் சரோஜா பயந்ததே நடந்தது. வரிசையை இடிக்கப்போகிறார்கள், எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முகம் வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கிள்ளான்ல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். முன்பணத்துக்கு இருக்கு."

"ஏது?"

"நீங்க சாப்பிட்டதுதான்."

எத்தனையோ வருடமாக அவளும் கோசோங்கின் மனைவியும் பாசார் மூடுகிற நேரத்தில்தான் போயிருக்கிறார்கள். கடைக்காரன் மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கிப்போக மனமில்லாமல் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற நேரம். அரிசி மூட்டையாக வாங்கி இரண்டு வீடும் பிரித்துக்கொள்வது. எண்ணெய், சீனி, சோப்பு எல்லாம் அப்படியே. என் சட்டை காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துவிடுவாளாம். நான் புதுச் சட்டை என்று நினைத்து டாக்சியில் போயிருக்கிறேன். மிஞ்சியதையெல்லாம், அந்த அண்ணன் சொன்ன யோசனைப்படி, வங்கியில் போட்டிருக்கிறாள். நான் கத்திக் கத்தித் தின்ற தெங்கிரியும் மூடுகிற நேரத்துத் தெங்கிரிதான். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு வராததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்.

வீடு கிடைத்த சந்தோஷத்தைவிட, அதற்கு யோசனை சொன்னது அவர் என்கிற எரிச்சல்தான் எனக்கு அதிகம். அதற்குள் மனிதரே வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உங்க பக்கத்து வீட்டையே நானும் எடுத்துட்டேன். ஒரே லோரில சாமான் ஏத்திடலாம். வாடகை பாதிப் பாதி."

கிள்ளானிலும் அதே கதைதான். அங்கே செங்கல் சுவர், ரேடியோ கேட்காது. அதனால் என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கேட்டார். எழுந்து போகும்போது ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார், கீழே நான் உட்கார்ந்திருந்தும்.

இப்போது பந்திங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார். ஒரு முறைகூட வரவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "சும்மா மூஞ்சியப் பாக்க பஸ் காசு எதுக்கு தம்பி, வீண்தானே" என்று வைத்துவிட்டார். திமிர் பாருங்கள்.

பந்திங் பக்கம் யார் போனாலும் ஒரு சேதி சொல்லி அனுப்புகிறேன். என் வீட்டு வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிகிறது, உள்ளே ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுகிறது, அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள் என்று. சரோஜா திட்டுகிறாள். திட்டட்டும்.

அவர் வந்து அணைக்கிறவரை எரியட்டும்.