அடுப்பில்லாத ஞாயிற்றுக்கிழமை

ஒரு நாள் நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால் சும்மா இருந்தாலே போதும். அதற்கும் திட்டம் போடுகிற கூட்டம் ஒன்று நாட்டில் உண்டு. எண்பதுகளில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் நான்தான். (தொண்டனும் நானேதான். வேறு யாரும் சேரவில்லை.)

அப்போது நான் கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வெள்ளை பேண்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். குளிக்கும்போது மட்டும்தான் அந்த விசிலைக் கழற்றுவேன். பிள்ளைகள் என்னைக் கண்டதும் வரிசையில் நிற்பதற்கு என் நிர்வாகத் திறமைதான் காரணம் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த பிரம்புதான் காரணம் என்று எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

கல்யாணமாகி மூன்றாவது வருடம். வீட்டில் நான், என் அம்மா, என் மனைவி மல்லிகா, மூன்றே பேர். ஆனால் உலையில் அரிசி எப்போதும் ஏழு பேருக்கு. பக்கத்துத் தெருவில் இருந்த என் அக்காவும் மாமாவும் இரண்டு பிள்ளைகளோடு ‘சும்மா இந்தப் பக்கமா வந்தோம்’ என்று வருவார்கள். அந்த ‘இந்தப் பக்கம்’ சரியாகச் சோறு வடிக்கிற நேரத்தில்தான் வரும். மல்லிகா செய்த ஒரே குற்றம், நன்றாகச் சமைத்தது. மாமா கையை நக்கிக்கொண்டே, "உன் கைக்குத் தங்க வளையல் போடணும்மா" என்பார். தங்கம் வேண்டாம், தட்டையாவது கழுவி வைத்தாரா என்று கேட்காதீர்கள்.

ஒரு சாயங்காலம், ஈர விறகு புகைந்ததில் கண்ணெல்லாம் சிவந்துபோய் வெளியே வந்தவள் என்னிடம் சொன்னாள்: "ஒரே ஒரு நாளு இந்த அடுப்பு மூஞ்சில முழிக்காம இருக்கணும்ங்க. நகை நட்டு ஒண்ணும் வாணாம். அது உங்களால ஆவாதுன்னா சொல்லிடுங்க. எங்கம்மா வூட்டுக்குப் போய் ஆடி முழுக்க இருந்துட்டு வர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது வெறும் மிரட்டல் இல்லை என்று தெரிந்தது. புது மணப்பெண் முதல் ஆடிக்குத் தாய் வீடு போவது முறை. மூன்றாவது ஆடிக்குப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது.

அறிவுள்ள ஒருவன் என்ன செய்திருப்பான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘நீ படுத்திரு, நான் சோறு வைக்கிறேன்’ என்று சொல்லியிருப்பான். விஷயம் அத்தோடு முடிந்தது. அந்த யோசனை எனக்குக் கனவில்கூட வரவில்லை. நான் ஆண்பிள்ளை, அதிலும் டிரில் மாஸ்டர். நான் திட்டம் போட்டேன்.

திட்டத்துக்கு விதை போட்டவர் மாமா. சென்னையில் ஒரு ஸ்டுடியோ வாசலில் என்றோ இரண்டு வாரம் நின்ற தகுதியில், சினிமா பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். ஜவ்வாது மலையில் ஒரு ராஜா ராணிப் படம் எடுக்க வந்தவர்கள் அரண்மனை, கோவில், கல் யானை என்று செட்டு போட்டுவிட்டு, படம் பாதியில் நின்றுபோனதால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் ஒருவன் அதை வளைத்துப் போட்டு, ராட்டினமும் ஊஞ்சலும் வைத்து, ‘சினிமா பூங்கா’ என்று டிக்கெட் போடுகிறானாம். கேண்டீனில் சுடச்சுட பிரியாணியாம். சிம்மாசனத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாமாம்.

பிரியாணி என்றதும் என் மூளை வேலை செய்தது. (அதை மூளை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.) மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாணம், காது குத்து, வீடு குடி போவது என்று யாராவது பத்திரிகையோடு வந்து நிற்பார்கள். ஆடியில் ஒரு நல்ல காரியமும் கிடையாது. எனவே ஆடி ஞாயிறுதான் சரி என்று முடிவு செய்தேன். ஆடி ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள் ஆயிற்றே என்று அம்மா முணுமுணுத்தாள். மலை மேலே இருப்பது அட்டையும் சுண்ணாம்பும், அட்டைக் கோவிலில் யார் கூழ் ஊற்றப் போகிறார்கள் என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். என்ன ஒரு அறிவு!

வீட்டில் இருந்து சோறு, பலகாரம், ஒரு முறுக்குகூட வரக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அடுப்பு மூட்டாத நாள் என்றால் முழுசாக அடுப்பு மூட்டாத நாளாக இருக்க வேண்டாமா? சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வாசலில் நிற்க வைத்து ஒத்திகை வேறு. ஒரு விசில் அடித்தால் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் கலையலாம். அக்கா பிள்ளைகள் குதித்தார்கள். அம்மா, "எங்கள இன்னாடா ஆடு மாடுன்னு நெனச்சிக்கினியா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மல்லிகா மட்டும் சிரித்துக்கொண்டே நின்றாள். நாளைக்கு அடுப்பு இல்லை என்ற சந்தோஷத்தில் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள், பாவம்.

மலைக்குப் போகிற பஸ் காலையில் ஒன்று, திரும்பி இறங்குவது சாயங்காலம் ஒன்று. நிற்க இடமில்லாத கூட்டம். கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவே, பழக்க தோஷத்தில் ஒரு விசில் அடித்தேன். டிரைவர் அதைக் கண்டக்டர் விசில் என்று நினைத்து ஏற்றத்தில் சடக்கென்று பிரேக் போட்டார். நின்றிருந்தவர்கள் உட்கார்ந்தவர்கள் மடியில் விழுந்தார்கள். யாரோ ஒரு அம்மாவின் கூடையிலிருந்த கோழி மாமாவின் தலை மேல் ஏறி நின்றது. கண்டக்டர் என் பக்கத்தில் வந்து, "இந்த பஸ்ல ஒரு விசிலுதான் சார். அது என்னுது. இன்னொரு வாட்டி ஊதினீங்க, நடந்துதான் வரணும்" என்றார். முழு பஸ்ஸும் என்னைப் பார்த்தது. நான் காட்டைப் பார்த்தேன்.

சினிமா பூங்காவின் லட்சணத்தை இப்போது சொல்லியாக வேண்டும். அரண்மனைக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் ஓடினால், அந்தப் பக்கம் சாமைக் கொல்லை. நடுவில் ஒரு எருமை நின்று எங்களைப் பார்த்தது. கல் யானைக்கு மழையில் ஒரு காது கரைந்து போயிருந்தது. ராட்டினம் கையால் சுற்றுவது, சுற்ற ஆள் இல்லை. வாசலில் டிக்கெட் கிழித்த ஏஜெண்ட், கூலிங் கிளாஸும் கழுத்துக் கர்ச்சீப்புமாக, இதெல்லாம் ‘டெக்னிக்’ சார் என்றான். மாமா அதற்கும் தலையாட்டி, ஸ்டுடியோவிலும் இப்படித்தான் என்று எங்களுக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டே போய் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். ஒட்டுப்பலகை சிம்மாசனம், மாமாவோ மூன்று வருடமாக மல்லிகா கைச் சாப்பாடு சாப்பிட்டவர். படாரென்று உள்ளே போனார். இடுப்பு வரை சிம்மாசனத்துக்குள்ளும், கால்கள் வானத்திலும். நானும் ஏஜெண்டும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம்.

அதற்குள் பிள்ளைகள் பசி என்று ராகம் போட ஆரம்பித்தார்கள். கேண்டீன் எங்கே என்று கேட்டேன். ஏஜெண்ட் கூலிங் கிளாஸைக் கழற்றினான். கேண்டீன் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் என்றான். யார் விடமாட்டார்கள் என்று சீறினேன். அவன் கோவில் செட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

அப்போதுதான் பம்பைச் சத்தம் காதில் விழுந்தது. சுண்ணாம்பு அம்மனுக்கு முன்னால் மலை ஜனம் முழுவதும் கூடியிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் கட்டி, மூன்று கல் கூட்டி, பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மாளின் பெயர் குப்பம்மா. மலையில் புளியும் சாமையும் விளைவிக்கிற குடும்பம். அவரிடம் போய், பள்ளிக்கூடக் குரலில், இது சினிமாவுக்காகச் செய்த பொம்மை அல்லவா என்று கேட்டேன். என்னைப் பார்த்து அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"பொம்மதான் சார். இல்லேன்னு யார் சொன்னது? படம் புடிக்க வந்தவங்க நெசமா தெரியணும்னு எங்க பூசாரியக் கூட்டாந்து கண்ணத் தொறக்க வெச்சிட்டாங்க. கண்ணத் தொறந்தப்புறம் பட்டினி போட முடியுமா? அவங்க மூட்டை கட்டிக்கினு போய்ட்டாங்க. ஆத்தா இங்கதான கீறா?"

சுண்ணாம்புதான், ஆனால் முறையாகக் கண் திறந்தாயிற்று. ஆடி ஞாயிறு ஆத்தாளின் அண்டா இறங்குகிற வரை அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு அடுப்பு எரியக் கூடாது. இறங்கிய பிறகு வந்தவர் எல்லோருக்கும் கூழ். ஆனால் ஒரு முறை உண்டு என்றார் குப்பம்மா. மலை ஏறி வந்த ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கை துடுப்பு பிடித்துக் கிண்ட வேண்டும். மற்றவர்கள் போன ஞாயிறே கிண்டிவிட்டார்களாம், பாக்கி எங்கள் குடும்பம் ஒன்றுதான். கேவுரு மாவு கரைத்துத் தயாராக இருந்தது.

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "போ மல்லிகா, ஆத்தா காரியம்" என்றாள். அக்காவுக்குத் திடீரென்று முதுகு வலி வந்தது. மாமா தம்முடைய பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே, மல்லிகா கை பட்டால் கூழ்கூட அமிர்தம் என்றார். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

மல்லிகா அந்த அண்டாவைப் பார்த்தாள். எங்கள் வீட்டு அடுப்பைப் போல நான்கு மடங்கு அடுப்பு. அதே ஈர விறகு, அதே புகை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்துபோனதை நான் பார்த்தேன். இந்த ஒரு நாளுக்காக எத்தனை நாள் காத்திருந்தாளோ, நான் அவளை மலை ஏற்றிக் கூட்டி வந்து இதை விடப் பெரிய அடுப்பு முன்னால் நிறுத்தியிருந்தேன். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வந்தது.

அவள் குப்பம்மாவைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "ஒரு கைன்னுதான சொன்னீங்க? பொம்பளக் கைதான்னு இருக்குதாங்க?"

குப்பம்மா சற்று யோசித்தார். பிறகு என்னைத் தலை முதல் கேன்வாஸ் ஷூ வரை பார்த்தார். "ஆத்தாளுக்கு எந்தக் கையா இருந்தா இன்னா? ஷூவக் கழட்டச் சொல்லு" என்றார்.

கூழ் கிண்டுவது என்றால் கரண்டியை இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். துடுப்பு என் உயரம் இருந்தது. மாவு விழுந்ததும் அண்டா என்னை எதிர்த்து நின்றது. பசங்களைத் தண்டால் எடுக்க வைத்த மாஸ்டருக்குப் பத்து சுற்றிலேயே மூச்சு வாங்கியது. வலது பக்கம் கிண்டினால் இடது பக்கம் கட்டி தட்டியது. இடது பக்கம் போனால் அடி பிடித்தது. கூழ் கொதித்துக் கொப்புளித்து முழங்கையில் தெறித்தது. வெள்ளை பேண்ட் கேவுரு நிறமாகிவிட்டது. கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. சுற்றி நின்ற பெண்கள் எனக்கு யோசனை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வேகமா, மெதுவா, அடியில, ஓரத்துல என்று ஆளுக்கொரு கட்டளை. என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என்னை டிரில் வாங்கியதில்லை. கையை மாற்றக் குனிந்தபோது கழுத்திலிருந்து ஏதோ நழுவியது மாதிரி இருந்தது. நின்று பார்க்க முடியுமா? நின்றால் கட்டி தட்டிவிடும்.

மல்லிகா எங்கே இருந்தாள் என்று கேட்கிறீர்களா? ஒற்றைக் காது யானையின் நிழலில், சினிமாக்காரர்கள் ராணிக்காகக் கட்டிய ஊஞ்சலில். கால்களை நீட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மெதுவாக ஆடிக்கொண்டு நான் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார அக்கா போனபோது, "இருங்க அண்ணி, ஊஞ்சல் ஒருத்தர்தான் தாங்கும்" என்றாளாம். அந்த ஊஞ்சல் நாலு பேரைத் தாங்கும்.

அண்டா இறங்கியது. படையல் முடிந்து, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வைத்து எல்லோருக்கும் கூழ் ஊற்றினார்கள். மல்லிகா உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக் குடித்தாள். கட்டியாக இருக்கிறது, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள். மாமா முதல் சொம்பைக் கவிழ்த்த வேகத்தில் பல்லில் ஏதோ ‘டங்’ என்று இடித்தது. வாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். என் விசில்.

கூட்டமே நின்றுவிட்டது. ஆத்தா கூழில் விசில் விழுந்தது தெய்வக் குற்றமா என்று அம்மா நடுங்கினாள். குப்பம்மா விசிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊதாமல் இருந்தாலே போதும், குற்றமில்லை என்று சொல்லி, என்னிடம் தராமல் மல்லிகாவிடம் கொடுத்தார். மல்லிகா அதைக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் என் வெறும் கழுத்தைப் பார்த்து நிம்மதியாக டிக்கெட் கொடுத்தார்.

அடுத்த மழைக்கு அரண்மனை கரைந்துபோனது. ஏஜெண்ட் எங்கே போனானோ தெரியவில்லை. ஆத்தாளுக்கு மட்டும் மலைக்காரர்கள் கூரை போட்டுக் கும்பிட்டார்கள். விசில் எங்கள் சமையலறை ஆணியில் தொங்குகிறது. ஒத்திகையில் நான் சொன்ன சட்டம் இன்றும் அப்படியே அமலில் இருக்கிறது. ஒரு விசில் என்றால் எழுந்து நிற்க வேண்டும். நிற்பது நான்.

போன ஆடி ஞாயிறு புது மாப்பிள்ளை வந்திருந்தார். என் மகள் பாவம், வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்துக் களைத்துவிட்டாளாம். அதனால் சென்னைப் பக்கம் ஒரு சினிமா பார்க்குக்கு எல்லோரையும் அழைத்துப் போய், ஒரு டென்ஷனும் இல்லாமல் ஒரு நாளைக் கழிக்கத் திட்டம் வைத்திருக்கிறாராம். கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மாமா பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆடிக் கூழ் கொதிக்கிற சமையலறையிலிருந்து மல்லிகா ஒரு விசில் அடித்தாள். நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"நீங்களும் எழுந்திருங்க மாப்ள. பார்க்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல வந்து துடுப்பப் புடிங்க, அடி புடிச்சிடும்."