அப்ரூவல் சாம்பிளில் ஐந்து ஓட்டை

அறிவியல் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் கத்தரிக்கோலைப் பூட்டி வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் அதைச் செய்யத் தவறிவிட்டார்கள்.

அப்போது நான் மைக்ரோபயாலஜி மூன்றாம் வருடம். ஞாயிறு காலையில் தோழிகள் ஐந்து பேரும் அருள்புரத்தில் ஒரு பேக்கரியில் கூடி, உயிரியலில் இன்றைக்கு என்ன பிரச்சினை என்று அலசுவோம். மருந்துக்கு அடங்காத கிருமி, மரபணு திருத்திய பயிர், எதையும் விட்டதில்லை. (ஆளுக்கு ஒரு டீ, இரண்டு மணி நேரம். பேக்கரிக்காரர் பொறுமைசாலி.) அந்த வாரத் தலைப்பு, 'கிருமியைக் கொல்லும் பனியன் துணி: உண்மையா, புருடாவா?' புருடா என்று நிரூபிப்பதாகச் சவால் விட்டவள் நான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அப்படி ஒரு டி-சர்ட்டைக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தார். பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர், அந்த மாதம்தான் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். திருப்பூர் வீடுகளில் பனியன் துணிக்கு மரியாதை கிடையாது. அடுப்பு துடைக்க, வண்டி துடைக்க எல்லாம் அதுதான். இதுவும் வேஸ்ட் பீஸ் என்று ஐந்து வட்டம் வெட்டிக்கொண்டு, மிச்சத்தைக் கரித்துணிக் கூடையில் போட்டேன். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. (கிருமியைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்தவள் அந்த ஓர் அட்டையைப் படிக்கவில்லை.)

சனிக்கிழமை ஆளுக்கொரு வட்டத்தை அக்குள் பக்கம் ஊக்கு குத்தி நாள் முழுக்க வெயிலில் சுற்றினோம். ஞாயிறு காலை, பேக்கரியில் ஒவ்வொன்றாக முகர்ந்தோம்.

"ஏட்டி, நாறத்தான் செய்யுது!" என்றாள் திருநெல்வேலிப் பக்கத்து ஜெபா. நான் வெற்றிக்களிப்பில் பப்ஸ் சொன்னேன். (சாதாரணத் துணியோடு ஒப்பிட வேண்டும் என்று ஐந்து மேதைகளில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.)

அப்போதுதான் அப்பாவின் வண்டி வந்து நின்றது. கையில் ஓட்டை டி-சர்ட். முகத்தில் ரத்தமே இல்லை.

"கண்ணு, இது சரக்கு வாங்குற பையர் கையெழுத்துப் போட்ட அப்ரூவல் சாம்பிளு. இதையப் பாத்துத்தான் நாளைக்கு அத்தனை பீஸையும் செக் பண்ணி அனுப்போணும். பத்திரமா இருக்கட்டும்னு ஊட்டுக்குக் கொண்டாந்தேன். வேற பீஸு இல்ல சாமி."

பிறகு தோழிகள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அந்த வட்டத்தையெல்லாம் கொஞ்சம் குடுங்க." அந்த நிலையிலும் அவர் 'ங்க'வை விடவில்லை.

ஓவர்லாக் டெய்லரான அம்மா வட்டங்களைத் திரும்ப வைத்துத் தைத்தார். டி-சர்ட் அம்மை போட்டு எழுந்ததுபோல் இருந்தது. திங்கட்கிழமை அப்பா மேனேஜரிடம், "தப்பு என்மேலதானுங்க" என்று மட்டும் சொன்னாராம். வேறு சாம்பிள் வரும்வரை சரக்கு நின்றது. அப்பா பழைய செக்கிங் டேபிளுக்கே அனுப்பப்பட்டார். என்னால்தான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

"அழுவாத கண்ணு. நாறுச்சா, இல்லியா?"

"நாறுச்சுங்கப்பா."

"அப்பறமென்ன, நீ ஜெயிச்சிட்டயில்ல?"

நாலு மாதம் கழித்து அவர் மறுபடி சூப்பர்வைசரான அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பிடித்திருக்கிறது என்று தலையாட்டினேன். அப்பா மாப்பிள்ளையிடம் கைகூப்பி, "அப்ரூவல் ஆயிருச்சுங்க மாப்பிள்ளை. சட்டையை மட்டும் அவ கைக்கு எட்டாம வெச்சுக்குங்க" என்றார். கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அவர் என்னைக் கட்டிக்கொண்டார். சட்டைகளை இன்றும் பூட்டித்தான் வைக்கிறார்.