லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி

மூன்றாவது மாடியில் யக்ஞநாராயணனின் கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. கையிலிருந்த போனில் மகள் சின்மயி.

"அப்பா, மூச்சு வாங்கறது. நிக்கறேளா?"

"நிக்கலை. ஏறிண்டிருக்கேன்."

"போதும்ப்பா. அந்த வீட்டை வித்துட்டு வண்டலூர்ல கிரவுண்ட் ஃப்ளோர் பாக்கலாம்."

பீர்க்கன்கரணை ஏரி முழுசாகத் தெரியும் பால்கனி அது. ரிட்டயரானதும் அதற்காகவே வாங்கிய நான்காவது மாடி வீடு. அவருக்குச் சுருக்கென்றது.

"ஞாயித்துக்கிழமை வா. உன் கண்ணெதிர நிக்காம ஏறறேன். நின்னா வித்துடு" என்றார்.

சின்மயி மாதம் ஒருமுறை வருவாள். வரும்போதெல்லாம் இரண்டாவது மாடியில் நின்று ஆபீஸ் போனை முடித்துவிட்டுத்தான் மேலே வருவாள். மேலே சிக்னல் கிடைக்காதாம். அவ்வளவு பொறுப்பான பெண்.

யக்ஞநாராயணன் முதலில் கால்களைத்தான் சந்தேகப்பட்டார். தடித்த ஷூ வாங்கினார். கால் இன்னும் கனத்தது. முழங்காலுக்கு உறை மாட்டினார், முட்டி மடங்கவில்லை. மனைவி ரமா பொறுக்க முடியாமல் பிசியோதெரபிஸ்ட் தீபலட்சுமியிடம் இழுத்துப் போனாள்.

"கால்ல ஒண்ணுமில்ல சார்" என்றாள் தீபலட்சுமி. "சும்மா உக்காந்திருக்கும்போது மூச்சுத் தசைக்குப் பெரிய வேலை கிடையாது. படி ஏறும்போது அது களைச்சுப் போச்சுன்னா, கால் ரத்தக்குழாயெல்லாம் சுருங்கும். கால் ரத்தத்தைக் குறைச்சு மூச்சுத் தசை தனக்கு எடுத்துக்கப் பாக்கும். அதான் கால் கனக்குது."

மூச்சை உள்ளே இழுத்தால் மூன்று பந்துகள் மேலே எழும்பும் மெஷின் ஒன்றைக் கொடுத்தாள். தினமும் கொஞ்சமாகச் செய்யவேண்டும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், ஏறுகிற அன்று தொடவே கூடாது என்றாள். பந்து எழும்பும் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

சோபாவில் சாய்ந்து இழுத்தால் மூன்று பந்தும் எழும்பின. பேப்பர் படிக்கும்போது இழுத்தார், காய் நறுக்கும்போது இழுத்தார். விலா வலித்தது. வலிக்கு இடுப்பு பெல்ட்டை மார்புக்கு ஏற்றி இறுக்கினார். மூச்சு பாதியிலேயே திரும்பியது.

"அந்தப் பெல்ட்டை அவுருங்கோ" என்றாள் ரமா. அவர் இன்னொரு துளை தள்ளி மாட்டினார்.

ஞாயிறு காலையும் இழுத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

"பின்னாலயே வா" என்று சின்மயியிடம் சொல்லிவிட்டு ஏறினார். முதல் மாடி வரை விசில்கூட அடித்தார். இரண்டாவதில் சின்மயி போனைக் காதில் வைத்தாள். "நீங்க போங்கோப்பா, ஒரு ஆபீஸ் கால்" என்றாள்.

மூன்றாவதில் மூச்சுத் தசை களைத்தது. கால்கள் கல்லாகின. உட்கார்ந்துவிட்டார். ஏரி கண்ணுக்குள் வந்து போனது. பெல்ட்டைப் பிய்த்து எறிந்தார்.

"தவழ்ந்தாவது போவேன். விக்கமாட்டேன்" என்று சுவரிடம் சொன்னார்.

கடைக்குப் போன பச்சையம்மா பையோடு ஏறி வந்தாள். அடுக்ககம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவளுடைய நிலம். இப்போது மூன்றாவது மாடிக்காரி. அவரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"எய்ந்திரு சார். உம் பொண்ணு ரெண்டாவது மாடில குந்திகினு மூச்சு வாங்கினு கீது. போனும் இல்ல, ஒண்ணும் இல்ல, மாசாமாசம் இதே கூத்துதான். 'என்னாலதான் இந்தப் படிய ஏற முடில, அதான் வூட்ட விக்கச் சொல்றேன், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க'ன்னுது."