நாற்றத்துக்கு நல்ல சொல் தேடுபவர்

சொல்லைக் காப்பாற்றுபவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பனியில் வழுக்கி விழுந்து "ஐயோ, கால் ஒடிஞ்சு போச்சு" என்று கத்தினால், ஒடிவது எலும்புதான், கால் அல்ல என்று திருத்துவார். தூக்கிவிட மாட்டார். குனிந்தால் கண்ணாடி விழுந்துவிடும்.

வெர்மான்ட்டில் எங்கள் மலையூருக்கு வாய்த்தவர் வின்ஸ்லோ டட்டன். உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், ஆகவே அவர் பேச எழுந்தால் யாரும் உட்காரச் சொல்வதில்லை. "ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்குவார். அது முடிவதற்குள் உங்கள் காபி ஆறி, பேச வந்தது மறந்து, மனைவி காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்திருப்பாள். கெட்டவரா? சத்தியமாக இல்லை. கெட்டவராக இருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்போம்.

மார்ச் மாதத்து ஊர்க்கூட்டம் எங்களுக்குத் திருவிழா மாதிரி. யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், கை தூக்கினால் அதுதான் சட்டம். இந்த வருடம் ஆடு வளர்க்கும் டெல்லா பூஷார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். சீஸ் தொழிற்சாலையின் எஃப்ளூயன்ட்டை, அதாவது குழாயில் வெளியேறும் அழுக்குத் தண்ணீரை, அவளுடைய பண்ணைக்கு மேலே ஓடையில் விடக் கூடாது, அவ்வளவுதான். ஆடுகள் அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. கோடைக்குள் குழாயை மாற்றாவிட்டால் மந்தையை விற்க வேண்டியதுதான். ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடி ஒன்றில் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். முன்வரிசை நாற்காலிகள் தாமாகவே பின்னால் நகர்ந்தன.

டட்டன் எழுந்தார்.

"ஒரு சின்ன விஷயம். எஃப்ளூயன்ட்னா என்ன? வெளிய பாயறது. லத்தீன்ல அவ்ளோதான் அர்த்தம். ஏரியிலேருந்து புறப்படற ஆத்தைக்கூட அப்படித்தான் சொல்லணும். எவ்வளவு அழகான சொல்லு! அதைப் போய் இதுக்கு வைக்கலாமா?"

"சரி சார், நீங்களே ஒரு பேர் வைங்க. ஆனா குழாயை மாத்துங்க."

"அவசரப்படாதேம்மா. சட்டம்னா சொல்லு சரியா இருக்கணும்."

அவர் 'டிஸ்சார்ஜ்' என்றார். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி குதித்தெழுந்தாள்: "புண்ணுலேருந்து வர்றதைத்தான் நாங்க அப்படிச் சொல்வோம். சாப்பாட்டு நேரத்துல எதுக்கு சார் அது?" இன்னொருவர் 'கழிவு' என்றார். தொழிற்சாலை மேலாளர் ராய்ஸ் கெலம் அதை அவமதிப்பு என்றார். பிறகு டட்டனின் திருத்தத்தை முதல் ஆளாக வழிமொழிந்தார், புன்னகையோடு. அந்தப் புன்னகையைப் பார்த்தாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே? திருத்தத்துக்குத் திருத்தம், அதற்கு ஒரு துணைத்திருத்தம் என்று நாங்களும் தூக்கிய கையை இறக்கவில்லை. நான் 'ஒழுக்கு' என்று ஒரு சொல் கொடுத்தேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது!

"ஜாடியை யாராவது மோந்து பாருங்க! ஆளுக்கொரு தடவை. அதுக்கப்புறம் என்ன பேர் வேணா வைங்க" என்றாள் டெல்லா. ஜாடியை முன்வரிசைக்கு நீட்டினாள்.

"பொறும்மா, அதுக்குத்தானே வந்துக்கிட்டிருக்கோம்" என்றார் டட்டன் அன்பாக.

கடைசியில் 'வெளிப்போக்கு நீர்' என்று பொருள்படும் ஒரு நீண்ட தொடர் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல். டட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே மாதா கோயில் பெண்கள் பீன்ஸும் பன்றித் தொடையும் பரிமாறினார்கள். வெளியே வெயில் ஏறி மேப்பிள் மரங்களில் சாறு இறங்க ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே பாகாகக் காய்ச்சாவிட்டால் கெட்டுவிடும். ஆகவே சாப்பிட்ட கையோடு பாதி ஊர் வண்டி ஏறியது. தீர்மானத்தின் சொல்லைத்தான் திருத்தியிருக்கிறோம், தீர்மானத்துக்கு இன்னும் ஓட்டே போடவில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்டபத்தில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று ராய்ஸ் முன்மொழிய, கைகள் உயர்ந்தன. எதிர்ப்பு ஓட்டில் டெல்லாவின் கையோடு உயர்ந்தது டட்டனின் கை மட்டும்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மே மாதம் டெல்லா ஆடுகளை விற்றாள். லாரியில் ஏற்ற நானும் கைகொடுத்தேன். வெட்கமாக இருந்தது. டட்டனும் வந்திருந்தார். 'மந்தை' என்று சொல்ல எத்தனை ஆடு வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

இப்படிப்பட்டவர்களோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறோமோ என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அந்தக் குழாய் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா என்று ஒருமுறையாவது நினைத்தீர்களா, அல்லது எஃப்ளூயன்ட்டுக்கு 'வெளிப்போக்கு நீர்' சரியான தமிழ் இல்லையே என்று அப்போதே வேறொன்றை யோசித்து வைத்துவிட்டீர்களா?