வீராவுக்குப் பெண் கொடுக்கலாமா?

உலகத்தில் இல்லாத ஒரு மாப்பிள்ளைக்காகக் காரைக்குடி முழுக்க அலைந்து விசாரித்த ஒரே மனிதர் எங்கள் சம்பந்திதான். இனி அப்படி ஒருவர் பிறக்கப் போவதில்லை. பிறந்தாலும், அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க எங்கள் முதலாளியைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார்.

செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. செல்போனில் ஆடும் வீடியோ கேம் செய்வது எங்கள் தொழில். கீழே குக்கர் விற்றவர்களுக்கு, மேலே இத்தனை பேர் நாள் முழுக்க உட்கார்ந்து விளையாடுவதற்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது கடைசி வரை விளங்கவில்லை. முதலாளி கண்டனூர்க்காரர். வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்து, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கிற தன் குடும்பத்துப் பெரிய வீட்டைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே கட்டியிருந்தார். பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டின் நிலைக்கதவுகளைப் பெயர்த்துக்கொண்டு போக ஒரு திருட்டுக் கும்பல் வரும். காவல்காரன் வீரா அவர்களைப் போட்டுப் புரட்டி எடுப்பான். கதை அவ்வளவுதான். வீராவின் வசனம் என் பொறுப்பு. 'டேய்!' என்று எழுதி வைத்திருந்தேன்.

விளையாட்டை ஆடிப் பார்த்து, எங்கே சிக்குகிறது, எங்கே உறைந்து நிற்கிறது என்று சொல்வதற்காக வேலைக்குச் சேர்ந்தவர்தான் சம்பந்தி. நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை. பல வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த நேரத்தில் எந்தப் பெண் வீட்டார் ஒளிந்து நின்று பார்ப்பார்களோ என்று, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டுதான் வருவார். டீக்கடையில் கால் மேல் கால் போட மாட்டார். ஆட்டோக்காரரிடம் பேரம் பேச மாட்டார். பக்கத்தில் யாராவது சத்தமாகச் சிரித்தால், நம்மைச் சேர்த்துப் பார்த்துவிடுவார்களோ என்று நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

சேர்ந்த அன்று மத்தியானம் வரை வீராவை ஆட்டிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஏத்தா, இந்தப் பையன் யாரு வீட்டுப் புள்ளை?"

"அவன் காவல்காரன்ணே."

"அது வேலை. ஆளு யாருங்கிறேன். அப்பன்கூடப் பேசுறானா? கோவம் வந்தா சாப்பிடாமப் படுத்துருவானா? எதைக் கண்டா பயம்?"

"பயமே கிடையாதுண்ணே. வெட்டுவான். அவ்வளவுதான்."

"கசாப்புக் கடையிலயுந்தான் வெட்டுறாக. அந்த அண்ணன் பேரு எனக்கு ஞாபகம் இருக்கு. இவன் பேரு மாடிப்படி இறங்குறதுக்குள்ள மறந்துருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்தால் மறக்காது என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கம்மா இருக்காகளே, விசாரிக்க வந்தவுககிட்டயெல்லாம் 'எம் புள்ளைகிட்ட ஒரு குறையும் சொல்ல முடியாது'ன்னு சொல்லிச் சொல்லியே வந்த இடம் பூராத்தையும் கெடுத்துட்டாக. குறையே இல்லைன்னா எதையோ மறைக்கிறாகன்னு பொண்ணு வீட்டுக்காரக ஓடிருவாக. ஒரு முன்கோவம், ஒரு காபிப் பைத்தியம்னு ஏதாச்சும் சொல்லியிருந்தா இந்நேரம் எனக்கு ரெண்டு புள்ளைக."

அன்று மாலையே முதலாளியிடம் தன் சோதனை முடிவைச் சொன்னார். "கேம் நல்லா ஓடுது முதலாளி. ஆனா வீராவுக்குப் பொண்ணு குடுக்க முடியாது." அந்த நிமிஷத்திலிருந்து அவர் எங்களுக்குச் சம்பந்தி ஆனார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

முதலாளிக்குச் சிரிக்கும் நிலைமை இல்லை. விளையாட்டுகளை வாங்கி வெளியிடும் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஓர் அம்மா அடுத்த மாதம் வந்து ஆடிப் பார்ப்பதாக இருந்தது. அவர் சரி என்றால் பிழைத்தோம். வேண்டாம் என்றால், பாத்திரக்கடைக்காரரிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் 'படம் பிரமாதம், ஆள் மனதில் நிற்கவில்லை' என்று திருப்பி அனுப்பியிருந்தன. கையில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டது, இதுதான் கடைசி முயற்சி என்று முதலாளி எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

சம்பந்தி விசாரிப்பில் இறங்கினார். வீராவின் கையில் இருந்த அரிவாளை நீக்கச் சொல்லி, வெள்ளை வேட்டியோடு அந்தப் பெரிய வீட்டின் முன்னால் அவனை நிறுத்தி, அசல் போட்டோ மாதிரியே ஒரு வண்ணப்படம் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போய், "இந்தப் பையனைப் பாத்தா என்ன தோணுது?" என்று கேட்டார். எங்கள் ஊரில் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு மனிதர் ஒரு பையனின் படத்தை நீட்டி இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"லட்சணமாத்தான் இருக்காக. சொந்த வீடா?" என்றாராம் டீ மாஸ்டர்.

"பின்னால தெரியுறதுதான் வீடு" என்றிருக்கிறார் இவர். பொய்யில்லை. ஆனால் அருகே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த ஒரு கல்யாணத் தரகருக்குப் பாதி வடை தொண்டையில் நின்றுவிட்டது. அந்தப் படத்தைத் தன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பையனின் பெயர், வேலை, இடம் மூன்றையும் விசாரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நடுப்பகலில் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பதி மாடியேறி வந்தார்கள். கையில் பழக்கூடை. அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "வீரான்னு ஒரு தம்பி இங்குட்டு வேலை பாக்குறாகளாமே?" என்றார். முதலாளி திருதிருவென்று விழித்தார். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, சிரிப்புதான் முந்திக்கொண்டு வந்தது. சம்பந்தியோ இருவரையும் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "கேளுங்க, என்ன தெரியணும்?" என்றார்.

அந்த அம்மா விசாரித்தார் பாருங்கள், நான் படித்த எந்தப் படிப்பிலும் அப்படி ஒரு கேள்வித்தாளைக் கண்டதில்லை. "கல்யாண வீட்டுல முதப் பந்தியில உக்காருவாகளா, கடைசிப் பந்தியிலயா?"

"கடைசிப் பந்திதான். ஆனா அப்பளம் தீந்து போச்சுன்னா முகம் வாடிரும்" என்றார் சம்பந்தி, கொஞ்சமும் யோசிக்காமல்.

"கோவம் வந்தா?"

"வாயைத் திறக்க மாட்டான். விடுவிடுன்னு வாசலைக் கூட்டுவான்."

"குறைன்னு ஏதாச்சும் உண்டா? மறைக்காமச் சொல்லுங்க."

சம்பந்தி ஒரு கணம் வீராவின் படத்தைப் பார்த்தார். "இருட்டுன்னா பயம். சின்ன வயசுல இருந்தே."

"காவல் வேலைன்னாக?" என்று எழுந்தே விட்டார் பெண்ணின் அப்பா. அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "பயந்துக்கிட்டேதான் காவலுக்குப் போறாகளா? அப்பத் தங்கமான புள்ளைதாங்க. பயமே இல்லாதவன் கட்டினவளுக்கா பயப்படப் போறான்?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை மாதமாக 'டேய்' என்று கத்திக்கொண்டிருந்த பொம்மை, அந்த நிமிஷம் எழுந்து வந்து அவர்கள் முன்னால் கை கட்டி நின்ற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு சம்பந்தி உண்மையைச் சொல்லி, கம்ப்யூட்டரில் வீராவைக் காட்டி, இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்களைப் பாத்தா கேனைங்க மாதிரி தெரியுதா?" என்று அப்பா பாத்திரக்கடைக்கே கேட்கும்படி கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. அந்த அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல இடம். நமக்குக் குடுத்து வைக்கலை" என்று பெருமூச்சு விட்டார். பழக்கூடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு நாங்கள் வீராவைப் புதிதாகச் செய்தோம். இருட்டறை வாசலில் பொத்தானை அழுத்தினால் அவன் உடனே போக மாட்டான். நிற்பான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்வான். "யாரு உள்ள?" என்று கேட்டுவிட்டு ஒரு செருமல் செருமுவான். அப்புறம்தான் காலை வைப்பான். முதலாளிக்கு இது பிடிக்கவே இல்லை.

"அண்ணே, பொத்தானை அமுக்குனா ஆளு ஓடணும். இப்படி நின்னா கேம் கெட்டுப் போச்சுன்னு அந்தம்மா நினைச்சுக்கிருவாக. எல்லாரு பொழப்பும் இதுல கிடக்குண்ணே."

"அந்தச் செருமலை எடுத்தீகன்னா மிச்சம் இருக்கிறது பழைய கசாப்புக்காரன்தான் முதலாளி. அவுக வேண்டாம்னா நான் இந்த மாசச் சம்பளம் வாங்காமப் போயிர்றேன்" என்றார் சம்பந்தி. முதலாளி அரைமனதாக விட்டுவிட்டார்.

அந்த நாளும் வந்தது. பெங்களூர் அம்மா செல்போனைக் கையில் வாங்கி ஆட ஆரம்பித்தார். முதல் இருட்டறை வந்தது. பொத்தானை அழுத்தினார். வீரா நின்றான். மறுபடி அழுத்தினார். "என்னங்க, சிக்கிடுச்சா?" முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "யாரு உள்ள?" என்றான் வீரா. செருமினான். உள்ளே போனான். அந்த அம்மாவின் புருவம் உயர்ந்தது. இரண்டாவது அறை வாசலில் அவரே கையை எடுத்துவிட்டு, அவன் வேட்டியைக் கட்டி முடிக்கும் வரை காத்திருந்தார்.

கடைசியில் வீட்டின் பின்கட்டு. அதுதான் இருப்பதிலேயே பெரிய இருட்டு. கழற்றிய கதவு சரிந்து விழுந்து, திருடர்களில் ஒருவன் அதனடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அந்த அம்மா பொத்தானைத் தொட்டார். வீரா நிற்கவில்லை, வேட்டியைத் தொடவில்லை, செருமவில்லை. விழுந்தடித்து உள்ளே ஓடினான்.

அவர் செல்போனை மடியில் வைத்துவிட்டார். "இப்ப ஏன் நிக்கலை?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

"உள்ள ஒருத்தன் அடிபட்டுக் கிடக்கான்லம்மா" என்றார் மூலையிலிருந்து சம்பந்தி. "அந்நேரம் பயம் எங்குட்டு ஞாபகம் வரும்?"

"எடுத்துக்கறோம்" என்றார் அந்த அம்மா. "ஒண்ணையும் மாத்தாதீங்க. அந்தச் செருமலை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீங்க."

நாங்கள் போட்ட கூச்சலில் கீழே குக்கர் வாங்க வந்தவர்கள் தெருவுக்கு ஓடியிருக்கிறார்கள். முதலாளி சம்பந்தியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். முழுக்கைச் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தது. எவர் பார்த்தால் என்ன என்று அவரும் வாய்விட்டுச் சிரித்தார், முதல்முறையாக. ஆளாளுக்கு ஜிகர்தண்டா குடிக்கக் கிளம்பி, படியிறங்கிவிட்டோம். சம்பந்தியை மட்டும் காணோம்.

திரும்பி மேலே ஏறிப் போனேன். ஜெயித்த மனிதர் தனியாக உட்கார்ந்து அந்தச் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, எல்லாரும் கீழ நிக்கிறாக. வாங்க" என்றேன்.

"இருத்தா, வந்துர்றேன். அவனைப் பின்கட்டுல விட்டுட்டு நம்ம பாட்டுக்குப் போறோம்" என்றார். வீராவை அறை அறையாக நடத்தி, முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பிறகுதான் அணைத்தார்.

அந்த மனிதருக்கு நான் கூடப்பிறந்த தங்கையாக இல்லாமல் போனேனே என்று அன்றைக்கு எனக்கு ஏக்கமாக இருந்தது.